மெனுவில் தமிழ் போட்டால் உடைகிறது, ஃபுட்டர் நடுவில் நிற்கிறது: வழி உண்டா?

14 செப்டம்பர் 2024, சனி. கேள்வி, மும்பை செம்பூரிலிருந்து ஒரு வாசகர்

எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்கு ஒரு தளம் செய்தேன். ஆங்கிலத்தில் மெனு ஒரே வரியில் அழகாக நிற்கிறது. தமிழுக்கு மாற்றினால் இரண்டு சொற்கள் கீழே விழுந்து பேனர் மேல் ஏறிக்கொள்கின்றன. சின்னப் பக்கங்களில் ஃபுட்டர் (பக்கத்தின் அடிப்பட்டை) பாதித் திரையில் வந்து நிற்கிறது, அதற்குக் கீழே வெறும் வெள்ளை. என் முடிவு இதுதான்: தமிழ் எழுத்து மெனுவுக்கு ஒத்துவராது. சொல்லைச் சுருக்க வேண்டும், இல்லையென்றால் ஆங்கிலத்திலேயே விட்டுவிட வேண்டும். வேறு வழி இருந்தால் சொல்லுங்கள்.

14 செப்டம்பர், இரவு. பதில்

தமிழ் ஒத்துவராது என்பதை ஏற்க மாட்டேன். உங்கள் பக்கத்தை இன்ஸ்பெக்ட் செய்து, தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் வரிகளைப் பார்த்தேன். மெனுப் பட்டைக்கு ஹைட் (உயரம்) 40 பிக்சல். ஒவ்வொரு இணைப்புக்கும் விட்த் (அகலம்) 90 பிக்சல். டெம்ப்ளேட் எழுதியவர் ஹோம், அபௌட், கான்டாக்ட் என்ற மூன்று சொற்களை வைத்து அளந்திருக்கிறார். அந்த 90க்குள் 'உறுப்பினர் சேர்க்கை' எப்படி அடங்கும்? ஜெர்மன் மொழியில் போட்டாலும் இதே கதிதான்.

அந்த ஹைட், விட்த் இரண்டையும் எடுத்துவிடுங்கள். பட்டைக்கு டிஸ்ப்ளே ஃப்ளெக்ஸ் (உள்ளே இருப்பவற்றை வரிசையாக அடுக்கும்), ஃப்ளெக்ஸ்-ராப் ராப் (இடமில்லாவிட்டால் மடிக்கும்), கொஞ்சம் கேப் (நடுவே இடைவெளி). இணைப்புக்கு மேலும் கீழும் அரை ரெம் (பக்கத்தின் அடிப்படை எழுத்தளவில் பாதி), பக்கவாட்டில் முக்கால் ரெம் பேடிங் (பெட்டிக்கு உள்ளே விடும் இடம்). சொல் எவ்வளவு பெரிதோ பெட்டியும் அவ்வளவு பெரிதாகும். இடம் போதாவிட்டால் அடுத்த வரிக்குப் போகும், பட்டையும் கூடவே உயர்ந்து பேனரைக் கீழே தள்ளும். மேலே ஏறாது. ஃப்ளெக்ஸுக்குள் கேப் போட முன்பெல்லாம் சஃபாரி உலாவி தடையாக இருந்தது. 2021 ஏப்ரலில் அதன் 14.1 பதிப்பு வந்த பிறகு அந்தக் கவலை இல்லை.

இந்த விஷயத்தில் எனக்கு ஒரு பழைய வருத்தம் உண்டு. தாராவியில் 90 அடி சாலைப் பக்கம் முறுக்குப் போடும் திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவருக்கு நான்கு வருடமாகத் தளம் பார்த்துக்கொள்கிறேன். தமிழ், மராத்தி, ஆங்கிலம் மூன்றிலும் இருக்கிறது. முதலில் செய்தபோது இணைப்புகளுக்கு லைன்-ஹைட் (வரி உயரம்) 1, ஓவர்ஃப்ளோ ஹிடன் (பெட்டியைத் தாண்டுவதை வெட்டுவது) என்று வைத்திருந்தேன். 'விழாக்கால ஆர்டர்' என்ற சொல்லில் ழகரத்தின் கீழ்க் கொக்கி வெட்டுப்பட்டுப் போய், மேல் பாதி மட்டும் மகரம் மாதிரி நின்றது. 'விமாக்கால ஆர்டர்'. மராத்தியில் விமா என்றால் காப்பீடு. அண்ணாச்சி போனில் கேட்டார்: "தம்பி, நான் முறுக்கு யாவாரம்லா பண்ணுதேன், இன்சூரன்ஸா விக்கேன்?"

அன்றிலிருந்து தமிழுக்கு லைன்-ஹைட் 1.6க்குக் கீழே வைப்பதில்லை. பிக்சல் வேண்டாம், வெறும் 1.6. அப்படி எழுதினால் எழுத்தின் அளவு மாறும் இடத்திலெல்லாம் வரி உயரமும் அதற்கேற்ப மாறும். ஆங்கிலத்துக்கு இருப்பதைவிடத் தமிழ் எழுத்துக்கு மேலேயும் கீழேயும் இடம் வேண்டும். கீ, மீ என்று மேலே சுழிக்கும், கு, ழ, ஞ என்று கீழே இறங்கும்.

15 செப்டம்பர்

ஃபுட்டர் விஷயம். பக்கத்தின் உயரம் என்பது அதில் உள்ள சரக்கின் உயரம்தான். இரண்டு பத்தி எழுதினால் பாடி (பக்கம் முழுவதையும் சுற்றிய பெட்டி) அந்த இரண்டு பத்தியோடு முடிந்துவிடும், ஃபுட்டர் அதன் அடியில் போய் ஒட்டிக்கொள்ளும். திரை எவ்வளவு நீளம் என்று பாடிக்குத் தெரியாது, நாம்தான் சொல்ல வேண்டும்.

பாடிக்கு மின்-ஹைட் 100விஎச் (குறைந்தது முழுத் திரை உயரம்), டிஸ்ப்ளே ஃப்ளெக்ஸ், ஃப்ளெக்ஸ்-டைரக்‌ஷன் காலம் (மேலிருந்து கீழாக அடுக்குவது). ஃபுட்டருக்கு மார்ஜின்-டாப் (மேலே வெளியில் விடும் இடம்) ஆட்டோ. அவ்வளவுதான். மிச்சமிருக்கும் காலி இடம் முழுவதையும் அந்த ஆட்டோ விழுங்கிக்கொள்ளும், ஃபுட்டர் அடிக்குப் போய்விடும். ஹைட் என்று எழுதாமல் மின்-ஹைட் என்றே எழுதுங்கள். ஹைட் எழுதினால் நீளமான பக்கத்தில் சரக்கு பெட்டியைத் தாண்டி வழியும்.

உங்கள் கோப்பில் இப்போது இருப்பது பழைய முறை: ஃபுட்டருக்குப் பொசிஷன் அப்சொல்யூட், பாட்டம் 0 (மற்றவற்றோடு சேராமல் பெட்டியின் அடியில் ஒட்டுவது), ஹைட் 120, உள்ளடக்கத்துக்கு அதே 120 பேடிங்-பாட்டம். ஆனால் சுற்றியுள்ள பெட்டிக்கு உயரம் சொல்லவில்லை, அதனால்தான் நடுவில் நிற்கிறது. சொல்லியிருந்தாலும், தமிழ் முகவரி மூன்று வரியாகி ஃபுட்டர் 120ஐத் தாண்டிய அன்றைக்கு அது கடைசிப் பத்தியை மூடியிருக்கும்.

16 செப்டம்பர்

பாடிக்கு உலாவியே சுற்றிலும் 8 பிக்சல் மார்ஜின் கொடுக்கும். அதை 0 ஆக்காவிட்டால் காலிப் பக்கத்திலும் ஒரு துளி ஸ்க்ரோல் வரும்.

19 செப்டம்பர்

மேலே 15ஆம் தேதி சொன்னதில் ஒரு திருத்தம். செம்பூர்க்காரர் செய்து பார்த்துவிட்டு, "ஃபுட்டர் கீழே போய்விட்டது, ஆனால் நடுப் பகுதி ஒல்லியாகச் சுருங்கிவிட்டது" என்று எழுதியிருக்கிறார். அவர் சொல்வது சரி, நான் முன்பே எச்சரித்திருக்க வேண்டும்.

அவருடைய மெயின் பகுதிக்கு மேக்ஸ்-விட்த் 960, மார்ஜின் 0 ஆட்டோ என்று இருக்கிறது. சாதாரணப் பக்கத்தில் இது நடுவில் நிறுத்தும், அகலமும் முழுதாக இருக்கும். ஆனால் பாடியை ஃப்ளெக்ஸ் ஆக்கியதும் மெயின் ஒரு ஃப்ளெக்ஸ் பிள்ளை (ஃப்ளெக்ஸ் பெட்டிக்குள் இருக்கும் உறுப்பு) ஆகிவிடுகிறது. பக்கவாட்டில் ஆட்டோ மார்ஜின் உள்ள ஃப்ளெக்ஸ் பிள்ளை இழுபட்டு நிற்காது, தன் சரக்கின் அகலத்துக்குச் சுருங்கிக்கொள்ளும். மெயினுக்கு விட்த் 100% என்று ஒரு வரி சேர்த்தால் சரியாகிவிடும். மேக்ஸ்-விட்த் அப்படியே இருக்கட்டும், இரண்டும் சண்டை போடாது.

கிரிட்டில் (கட்டம் கட்டமாகப் பிரிக்கும் முறை) ஆட்டோ, 1எஃப்ஆர் (மிச்ச இடம் முழுவதும்), ஆட்டோ என்று மூன்று வரிசை போடலாமே என்று நவி மும்பை ஐரோலியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். போடலாம். ஆனால் ஹெடருக்கு (மெனு இருக்கும் தலைப்பட்டை) மேலே ஒரு அறிவிப்புப் பட்டை சேர்த்த அன்றைக்கு வரிசை ஒன்று நகர்ந்து, காலி இடம் முழுவதும் ஹெடருக்குப் போய்விடும். அண்ணாச்சி தளத்தில் பண்டிகைக்குப் பண்டிகை இந்தப் பட்டை வரும், போகும். அதனால் நான் மார்ஜின்-டாப் ஆட்டோ பக்கம்தான்.

26 செப்டம்பர்

நேற்று சாயங்காலம் மழையில் ரயில் ஊர்ந்து ஊர்ந்து, குர்லாவைத் தாண்டி நின்றேவிட்டது. டோம்பிவிலி போய்ச் சேர எத்தனை மணி ஆகுமோ என்று தெரியாமல் கையில் இருந்த போனில் அண்ணாச்சி தளத்தைத் திறந்தேன். 'தொடர்புக்கு' பக்கத்தில் போன் எண் இருக்கும் கடைசி வரி தெரியவில்லை. விரலால் தள்ளினால் முகவரிப் பட்டை மறைந்து, அந்த வரி மெல்ல எட்டிப் பார்த்தது. விரலை எடுத்து மேலே போனால் மறுபடி ஒளிந்துகொண்டது.

மேஜைக் கணினியில் இது தெரியவே தெரியாது. போனில் 100விஎச் என்பது முகவரிப் பட்டை மறைந்திருக்கும்போது உள்ள பெரிய உயரம். பட்டை தெரியும்போது திரை அதைவிடக் குட்டை, ஆகவே ஃபுட்டரின் அடி மடிந்து போகிறது. வாடிக்கையாளர் தேடிவரும் ஒரே வரி அங்கேதான் இருக்கிறது.

இதற்காகவே டிவிஎச் என்ற அலகு வந்தது. சஃபாரி, ஃபயர்ஃபாக்ஸ், குரோம் மூன்றிலும் 2022இல் சேர்ந்துவிட்டது. முதலில் மின்-ஹைட் 100விஎச், அதன் கீழே மின்-ஹைட் 100டிவிஎச் என்று இரண்டு வரியாக எழுதுங்கள். பழைய உலாவி புரியாத வரியைத் தள்ளிவிட்டு முதல் வரியை எடுத்துக்கொள்ளும். வரிசை மாறக் கூடாது.

27 செப்டம்பர்

ராத்திரி யோசித்ததில் டிவிஎச் வேண்டாம், எஸ்விஎச் போதும் என்று தோன்றுகிறது. டிவிஎச் என்பது பட்டை மறைய மறைய மாறும் அளவு, குட்டைப் பக்கத்தில் ஃபுட்டர் கண்ணெதிரே இடம் பெயரும். எஸ்விஎச் பட்டை தெரியும்போது உள்ள சின்ன உயரம், மாறாது. ஃபுட்டருக்கு அதுதான் நிம்மதி. அண்ணாச்சி தளத்தில் மாற்றிவிட்டேன், ஆட்டம் நின்றுவிட்டது.

1 அக்டோபர்

இன்னொரு வாசகர்: "மெனுவில் கீழே இறங்கும் பட்டியல் படக்காட்சிக்குப் பின்னால் போய் மறைகிறது, இசட்-இண்டெக்ஸ் 9999 கொடுத்தும் வரவில்லை, 99999 கொடுத்தும் வரவில்லை."

இசட்-இண்டெக்ஸ் என்பது எது மேலே, எது கீழே என்று அடுக்கும் எண். இன்னும் ஐந்து ஒன்பது சேர்த்தாலும் வராது. மாடி வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் மாடிக்காரர் தன் வீட்டுக்குள் நாற்காலி மேல் ஸ்டூல் போட்டு ஏறி நின்றாலும் இரண்டாம் மாடிக்காரருக்குக் கீழேதான். உங்கள் ஹெடருக்குப் பொசிஷன் ரிலேட்டிவ், இசட்-இண்டெக்ஸ் 1. படக்காட்சிக்கு 2. பட்டியலின் 9999 ஹெடர் என்ற வீட்டுக்குள் மட்டுமே செல்லும். வெளியே போட்டி 1க்கும் 2க்கும்தான். ஹெடரை 3 ஆக்குங்கள், பட்டியலின் 9999ஐ 1 ஆகக் குறையுங்கள். வேலை முடிந்தது.

இப்படித் தனி வீடு கட்டுவது இசட்-இண்டெக்ஸ் மட்டுமல்ல. ஒபாசிட்டி 1க்குக் குறைந்தால், டிரான்ஸ்ஃபார்ம், ஃபில்டர் இருந்தால், பொசிஷன் ஃபிக்ஸ்டு (திரையில் அசையாமல் நிற்பது) அல்லது ஸ்டிக்கி (உருட்டும்போது விளிம்பில் ஒட்டுவது) என்றால் அதுவும் தனி வீடு. ஹெடருக்குப் பின்னால் மங்கலாகத் தெரிய வேண்டும் என்று பேக்ட்ராப்-ஃபில்டர் போடுவது இப்போது எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. அதைப் போட்டதும் இன்னொன்றும் நடக்கும்: ஹெடருக்குள் இருக்கும் முழுத்திரை மொபைல் மெனு, பொசிஷன் ஃபிக்ஸ்டு என்று எழுதியிருந்தாலும் திரையை விட்டுவிட்டு ஹெடரைத் தன் எல்லையாக எடுத்துக்கொள்ளும். அரை அங்குலப் பட்டைக்குள் மெனு நசுங்கிக் கிடக்கும். மங்கல் விளைவை ஹெடரின் பிஃபோர் போலி உறுப்புக்கு (சிஎஸ்எஸ்ஸே உருவாக்கும் கூடுதல் பெட்டி) கொடுத்தால் இந்தச் சிக்கல் வராது.

2 அக்டோபர்

இன்றைக்கு இன்னொருவருக்கு இசட்-இண்டெக்ஸ் எல்லாம் சரி, ஆனாலும் பட்டியல் பாதியில் வெட்டுப்படுகிறது. அது ஓவர்ஃப்ளோ ஹிடன். ஹெடர் உள்ளே ஃப்ளோட் (பெட்டியை ஒரு பக்கமாக ஒதுக்கும் பழைய முறை) வைத்து எழுதிய காலத்தில், ஹெடரின் உயரம் பூஜ்யமாகச் சரியாமல் இருக்க அதைப் போடுவார்கள். அதற்கு இப்போது டிஸ்ப்ளே ஃப்ளோ-ரூட் இருக்கிறது, வெட்டாது. ஃப்ளெக்ஸுக்கு மாறிவிட்டால் அதுவும் தேவையில்லை.

5 அக்டோபர்

கொஞ்சம் விலகிப் போகிறேன். ஒரே மெனு என் கணினியில் ஒரு வரி, மனைவியின் ஐபோனில் இரண்டு வரி. ஏன் என்று ஒரு ராத்திரி முழுக்கத் தேடினேன். நான் குறிப்பிட்டிருந்த எழுத்துருவில் தமிழே இல்லை. அப்போது உலாவி அந்தந்தக் கருவியில் உள்ள தமிழ் எழுத்துருவை எடுத்துக்கொள்கிறது. விண்டோஸில் நிர்மலா யுஐ, ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் நோட்டோ சான்ஸ் தமிழ், ஐபோனில் தமிழ் சங்கம் எம்என். அந்த எம்என் மலேசியாவின் முத்து நெடுமாறனைக் குறிப்பது, அவர் வரைந்த எழுத்து. மூன்றும் நல்ல எழுத்துகள், ஆனால் அகலம் வேறு, உயரம் வேறு. கணினியில் அளந்து வைத்த பிக்சல் எண் போனில் பொய்யாவது இதனால்தான்.

ஒரே தோற்றம் வேண்டுமென்றால் தமிழ் உள்ள ஒரு வெப் எழுத்துருவைத் தளத்தோடு சேர்த்துக் கொடுங்கள். கொடுத்தாலும் அது இறங்கி வரும் வரை கருவியின் எழுத்தின் அளவுதான் செல்லும். அதனால் அளவை எழுத்தை நம்பிக் கட்டக் கூடாது.

6 அக்டோபர்

வொர்ட்-பிரேக் பிரேக்-ஆல் போட்டால் எல்லாம் அடங்குகிறதே என்று கேட்டவருக்கு: அடங்கும். 'தொட' முதல் வரியிலும் 'ர்புக்கு' அடுத்த வரியிலும் நிற்கும். ஒரு வரியை 'ர்'இல் தொடங்கிப் படிக்கச் சொல்வது படிப்பவருக்குச் செய்யும் அவமரியாதை. தயவுசெய்து வேண்டாம்.

அதே மாதிரி ஆங்கிலப் பெரிய எழுத்துக்காக டெம்ப்ளேட்டில் வைத்திருக்கும் லெட்டர்-ஸ்பேசிங் (எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி). தமிழில் அது சொல்லைச் சிதறடித்துக் காட்டும். தமிழ்ப் பக்கத்துக்கு லாங் 'டிஏ' (மொழி தமிழ்) என்று குறித்திருந்தால், அதை வைத்தே லெட்டர்-ஸ்பேசிங்கை நார்மல் ஆக்கலாம்.

13 அக்டோபர்

கொலு முடிந்தது, மிச்சம் இருந்த கேள்விகளுக்கு வருகிறேன்.

பொசிஷன் ஸ்டிக்கி, டாப் 0 கொடுத்தும் மெனு ஒட்டாமல் மேலே போய்விடுகிறது என்று மூன்று பேர். இதற்கு நான் கண்டவரை இரண்டு காரணம்தான். ஒன்று, மேலே எங்கோ ஒரு பெட்டிக்கு ஓவர்ஃப்ளோ-எக்ஸ் ஹிடன் (பக்கவாட்டில் வழிவதை வெட்டுவது). அப்படி எழுதியதும் உலாவி அந்தப் பெட்டியின் செங்குத்து ஓவர்ஃப்ளோவை ஆட்டோ ஆக்கிவிடும். ஸ்டிக்கி அந்தப் பெட்டி உருளும்போது ஒட்ட வேண்டும் என்று காத்திருக்கும், அதுவோ உருளுவதே இல்லை. ஹிடன் இடத்தில் கிளிப் என்று எழுதினால் ஸ்டிக்கி பிழைக்கும். இரண்டாவது, மெனுவைச் சுற்றி அதே உயரத்தில் ஒரு பெட்டி. ஸ்டிக்கி தன் பெட்டியைத் தாண்டிப் போகாது, அந்தப் பெட்டிக்குள் நகர இடமே இல்லை. ஸ்டிக்கியை வெளிப் பெட்டிக்குக் கொடுங்கள்.

சரி, அந்த ஓவர்ஃப்ளோ-எக்ஸ் ஹிடன் ஏன் வந்தது என்று கேளுங்கள். பக்கவாட்டில் ஸ்க்ரோல் வந்தது, அதை மூட யாரோ போட்டது. பக்கவாட்டு ஸ்க்ரோல் ஏன் வந்தது? ஃபுட்டருக்கு விட்த் 100விடபிள்யூ (முழுத் திரை அகலம்). விண்டோஸில் ஸ்க்ரோல்பார் இடத்தையும் சேர்த்து 100விடபிள்யூ கணக்கிடும், ஃபுட்டர் அந்த அளவுக்கு வெளியே நீட்டும். மேக்கில் ஸ்க்ரோல்பார் பெரும்பாலும் இடம் எடுக்காது, அதனால் அங்கே செய்தவர் கண்ணில் படவில்லை. ஃபுட்டர் தானாகவே முழு அகலத்துக்கு நிற்கும், அந்த வரியே வேண்டாம். ஒரு வரியை நீக்கியதும் ஹிடனும் தேவையற்றுப் போய் ஸ்டிக்கியும் உயிர் பெற்றது. இந்த மாதிரி ஒரு கண்ணியைக் கண்டுபிடிக்கும் நாளில் எனக்குச் சோறே வேண்டாம்.

எது நீட்டுகிறது என்று தெரியாவிட்டால் எல்லா உறுப்புக்கும் ஒரு பிக்சல் சிவப்பு அவுட்லைன் போடுங்கள். பார்டர் வேண்டாம், பார்டர் இடம் பிடித்து அளவை மாற்றிவிடும். அவுட்லைன் எதையும் நகர்த்தாது. பக்கவாட்டில் உருட்டினால் எந்தச் சிவப்புக் கோடு வெளியே நிற்கிறதோ அதுதான்.

14 அக்டோபர்

நேற்றைய குறிப்போடு சேர வேண்டியது. ஃபிக்ஸ்டைவிட ஸ்டிக்கியை நான் விரும்புவது மெனு இரண்டு வரியாகும் நிலையை நினைத்துத்தான். ஃபிக்ஸ்டு என்றால் பாடிக்கு மேலே இத்தனை பிக்சல் என்று இடம் விட வேண்டும், மெனு வளர்ந்தால் அந்த எண் தவறிப்போகும். ஸ்டிக்கி தன் இடத்தைத் தானே பிடித்துக்கொள்ளும். ஆனால் பக்கத்துக்குள்ளேயே தாவும் இணைப்புகளில் தலைப்பு மெனுவுக்கு அடியில் ஒளியும். எச்டிஎம்எல் உறுப்புக்கு ஸ்க்ரோல்-பேடிங்-டாப் 6 ரெம் கொடுத்திருக்கிறேன். இங்கே ஒரு எண் வேண்டித்தான் இருக்கிறது, இரண்டு வரி மெனுவுக்கும் போதுமான தாராளமான எண்ணாக வையுங்கள்.

20 அக்டோபர்

சுட்டி வைத்தால் விரியும் மெனு. சொல்லுக்கும் பட்டியலுக்கும் நடுவே 10 பிக்சல் மார்ஜின் இருந்தால், சுட்டி அந்த இடைவெளியைக் கடக்கும்போது பட்டியல் மூடிவிடும். மார்ஜினைப் பட்டியலின் பேடிங் ஆக்குங்கள், பேடிங் பட்டியலின் உடம்பு, ஹோவர் அறுந்து போகாது.

போனில் ஹோவர் என்பதே கிடையாது. அண்ணாச்சியின் ஆர்டர்கள் ஏறக்குறைய எல்லாமே போனில்தான். எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு கட்டைவிரலால் அழுத்துகிறவருக்கு விரிய ஒரு பட்டன் வேண்டும். உண்மையான பட்டன் உறுப்பு, ஏரியா-எக்ஸ்பாண்டட் (விரிந்திருக்கிறதா என்று திரைவாசிப்பானுக்குச் சொல்லும் குறிப்பு) மாறுகிற மாதிரி. ஹோவர் வேலைகளை மீடியா ஹோவர் நிபந்தனைக்குள் (சுட்டி வைக்க முடிகிற கருவிக்கு மட்டும்) தள்ளிவிடுங்கள்.

27 அக்டோபர்

தீபாவளி ஆர்டர் நெருக்கடி, சுருக்கமாக. ஃபுட்டரில் அருகருகே மூன்று பத்தி, ஒன்றில் நீளமான மின்னஞ்சல் முகவரி, அது பக்கத்துப் பத்தியை இடிக்கிறது. ஃப்ளெக்ஸ் பிள்ளை தன் மிக நீளமான சொல்லைவிடச் சின்னதாக மறுக்கும். அதற்கு மின்-விட்த் 0, மின்னஞ்சலுக்கு மட்டும் ஓவர்ஃப்ளோ-ராப் எனிவேர். 6ஆம் தேதி பிரேக்-ஆல் வேண்டாம் என்றேன், இது அதுவல்ல. வேறு வழியே இல்லாதபோதுதான் உடைக்கும், தமிழ்ச் சொற்களைத் தொடாது.

29 அக்டோபர்

அண்ணாச்சி மகள் நேற்று ராத்திரி மெனுவில் 'மனோகரம் (வெல்லம்)' என்று ஒன்றைத் தானே சேர்த்திருக்கிறாள். என்னைக் கேட்கவில்லை. காலையில் தாதர் தாண்டும்போது போனில் பார்த்தேன். மெனு மூன்றாவது வரிக்கு இறங்கியிருந்தது, பேனர் அதற்குக் கீழே ஒழுங்காக நின்றது, வெல்லத்தின் கொம்பும் சுழியும் முழுசாக இருந்தன.

செம்பூர்க்காரர் தன் தளத்தில் 'உறுப்பினர் சேர்க்கை'யை அப்படியே வைத்திருக்கிறார், பார்த்தேன்.